நகைச்சுவை ஒலிநூல்களில் வாசிப்பவரின் உச்சரிப்பு ஏன் முக்கியம்?

உச்சரிப்பு என்பது சொற்களை ஒலிக்கும் விதம் மட்டுமல்ல. பேசுபவர் எந்த ஊர், எந்த வர்க்கம் என்பதையும் அது காட்டிக்கொடுத்துவிடும். பழைய ஆங்கில நகைச்சுவையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் வுட்ஹவுஸின் ஜீவ்ஸ் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கதை சொல்லும் பெர்ட்டி வூஸ்டர், ஈட்டன் என்ற மேட்டுக்குடிப் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலும் படித்த பணக்கார வெகுளி. அவனுடைய பணியாள் ஜீவ்ஸோ மகா புத்திசாலி. பெர்ட்டி மேட்டுக்குடி ஆங்கிலத்தில் படபடவென்று உளறுவான். ஜீவ்ஸ் நிதானமாக, மரியாதை குறையாமல் ஓரிரு சொல்லில் பதில் சொல்வார். சிரிப்பே இந்த முரணில்தான். இரண்டு பேரும் ஒரே மாதிரி ஒலித்தால் அது காதில் விழாது. கோவைக் குசும்பைச் செய்தி வாசிக்கும் தமிழில் சொன்னால் எப்படி இருக்கும்? அதே கதிதான். ஆங்கில நடிகர் ஜோனதன் செசில் வாசித்த ஒலிநூல் பதிப்புகளில் இந்த வித்தியாசம் தெளிவாகக் கேட்கும் (என் ஓட்டு அவருக்கே).

பிரிட்டிஷ் உச்சரிப்பு இருந்தாலே போதும் என்று பலர் நினைப்பது மட்டும் சரியல்ல: அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனின் மிசௌரி மாநிலப் பையன் ஹக் ஃபின் லண்டன் கனவான் மாதிரிப் பேசினால் கதையே கெட்டுவிடும்.