நீலம் ஏன் முதலில் தேய்கிறது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் கைபேசியில் வெள்ளைப் பக்கம் எதையாவது திறந்தால், விசைப்பலகை வழக்கமாக வரும் இடம் மட்டும் சற்று மஞ்சளாகத் தெரிகிறது. 'ஓஎல்இடி திரையில் நீலம் சீக்கிரம் போய்விடும்' என்கிறார் பழுது பார்ப்பவர். இத்தனை ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் ஒரு நிறத்தை மட்டும் ஏன் சரிசெய்ய முடியவில்லை? 'ஆர்கானிக்' என்ற பெயர் வேறு குழப்புகிறது. குவாண்டம் புள்ளித் திரைகளில் இந்தச் சிக்கல் இல்லை என்கிறார்களே, உண்மையா?

மதி

அன்புள்ள மதி,

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். ஓஎல்இடி என்பதன் விரிவு ஆர்கானிக் ஒளி உமிழ் டையோடு. இங்கே ஆர்கானிக் (கரிமம்) என்பது வேதியியலின் சொல்; கார்பன் சேர்மங்களைக் குறிப்பது. இயற்கை வேளாண்மைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

பழுது பார்ப்பவர் சொன்னது சரிதான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்து எரிவதைத்தான் நாம் வெள்ளையாகக் காண்கிறோம். வெளிர்நிற விசைப்பலகை நாள்தோறும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்போது அங்கே மூன்றுமே உழைக்கின்றன. அவற்றில் நீலம் முந்திக்கொண்டு மங்குகிறது. வெள்ளையில் நீலம் குறைந்தால் மிஞ்சுவது மஞ்சள்.

1987இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் இரண்டு மெல்லிய கரிமப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் பச்சை ஒளியைப் பெற்றார்கள். ஒரு பக்கத்திலிருந்து எலக்ட்ரானும் மறுபக்கத்திலிருந்து துளையும் (எலக்ட்ரான் இல்லாத வெற்றிடம்) வந்து சந்திக்கும்போது எக்ஸைட்டான் என்னும் கிளர்ந்த நிலை பிறக்கிறது. அது தணிகையில் ஒளி வருகிறது. எலக்ட்ரான்களின் சுழற்சி (ஸ்பின்) சேரும் விதத்தைப் பொறுத்து எக்ஸைட்டானுக்கு ஒற்றை, மும்மை என இரண்டு நிலைகள் உண்டு. ஆனால் நான்கு எக்ஸைட்டான்களில் ஒன்றுதான் ஒற்றை நிலையில் பிறக்கும். மும்மை நிலையில் பிறக்கும் மற்ற மூன்றும் சாதாரணக் கரிம மூலக்கூறில் பெரும்பாலும் வெப்பமாகவே வீணாகும். மூலக்கூறின் நடுவே பிளாட்டினம், இரிடியம் போன்ற கன அணு ஒன்றை வைத்தால் அந்த மூன்றையும் ஒளியாக்கலாம் என்பதை 1998இலும் அடுத்த ஆண்டிலும் ஸ்டீபன் ஃபாரஸ்ட், மார்க் தாம்சன் குழுவினர் காட்டினார்கள். சிவப்பும் பச்சையும் அந்த வழியில் கரையேறிவிட்டன.

நீலம் கரையேறாததற்குக் காரணம் எளிய கணக்கு. சிவப்பு ஒளித்துகளின் ஆற்றல் ஏறத்தாழ 2 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு), நீலத்துக்கு 2.7. இந்த மூலக்கூறுகளில் கார்பனையும் நைட்ரஜனையும் பிணைக்கும் பிணைப்பை அறுக்க ஏறத்தாழ 3 போதும். ஆக, நீலத்தைத் தரும் மூலக்கூறு ஒவ்வொரு முறை கிளரும்போதும் உடையும் விளிம்புக்கு அருகே போய்வருகிறது. போதாக்குறைக்கு, மும்மை நிலை உடனே தணியாமல் தங்கியும் நிற்கிறது. அப்படி நிற்கும் ஒன்று தன் ஆற்றலை அருகிலுள்ள இன்னொன்றின் தலையில் கட்டிவிட்டால் பிணைப்பு அறுகிறது. அறுந்த மூலக்கூறு மீண்டும் ஒளிர்வதில்லை. 2012இல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் சிஹாயா அடாச்சி குழுவினர், கன உலோகமே இல்லாமல், அறைவெப்பத்தின் உதவியால் மும்மையை ஒற்றையாக ஏற்றிவிடும் மூலக்கூறுகளை உருவாக்கினார்கள். என் கணிப்பில் இத்துறையின் மிக அழகான யோசனை அதுதான். ஆனால் ஏற்றிவிடவும் நேரம் பிடிக்கிறது, அந்த நேரத்தில் அதே ஆபத்து காத்திருக்கிறது. அதனால்தான் பெரும்பாலான கைபேசித் திரைகளில் நீலம் மட்டும் இன்னமும் பெரும்பாலும் ஒற்றை நிலையையே நம்பும் பழைய முறையிலேயே எரிகிறது. அதன் சுமையைக் குறைக்க நீலப் புள்ளியைப் பெரிதாக அமைப்பதும் உண்டு.

குவாண்டம் புள்ளியின் கதை வேறு. அது சில நானோமீட்டர் அளவே உள்ள குறைக்கடத்திப் படிகம். காட்மியம் செலினைடு படிகங்களைச் சூடான கரைசலில் வளர்த்து, சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்துப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால், முதல் துளிகள் நீலமும் பச்சையுமாகவும் பிந்தியவை ஆரஞ்சும் சிவப்புமாகவும் ஒளிரும். பொருள் ஒன்றே, 2 நானோமீட்டரிலிருந்து 6 நானோமீட்டர் வரை வளரும் அளவுதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. 2023இல் பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது இந்தப் புள்ளிகளுக்காகத்தான்.

ஆனால் குவாண்டம் புள்ளியின் பெயரில் கியூஎல்இடி என்று விற்கப்படும் தொலைக்காட்சிகளில் பெரும்பாலானவை திரவப்படிகத் (எல்சிடி) திரைகளே. பின்னால் எரிவது கேலியம் நைட்ரைடின் நீல எல்இடி. அதன் ஒளியில் ஒரு பகுதியைப் பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றித் தருவதுதான் புள்ளிகளின் வேலை. நீலத்தை வேறொருவர் தலையில் ஏற்றிவிட்டு, சிக்கல் இல்லை என்கிறார்கள்! புள்ளிகளுக்கே மின்சாரம் செலுத்தி ஒளி பெறும் கருவியை 1994இலேயே ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். அதிலும் ஆயுள் குறைந்தது நீலம்தான்.

விசைப்பலகையைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றிப் பாருங்கள்; ஓஎல்இடி திரையில் கறுப்பு உள்ள இடத்தில் திரைப்புள்ளிகள் (பிக்சல்கள்) அணைந்தே இருக்கும். தேய்ந்தது திரும்பாது. திரையின் மற்ற பகுதிகளும் அதே அளவு தேய்ந்து சமமானால் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அதைத் தீர்வு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.