அரிப்பு, வெள்ளைப்படுதல்: தொழில்ல இருக்குறவங்க கேட்டது, நர்ஸ் சொன்னது

பாலியல் தொழிலாளிகளுக்கான திட்டத்துல 11 வருஷமா நர்ஸ் வேலை. பேர் போடாம கேளுங்கன்னு சொன்னேன், குவிஞ்சிருச்சு.

சிஸ்டர், திரிஞ்ச பால் மாதிரி வெள்ளையா போகுது, அரிப்பு தாங்கல. கஸ்டமர்கிட்ட இருந்து ஒட்டிக்கிச்சா?

பெரும்பாலும் இல்லம்மா. கேண்டிடான்னு ஒரு பூஞ்சை, நம்ம உடம்புலயே சும்மா கெடக்கும், நேரம் பாத்து பெருகிடும். நாலு பொம்பளைங்கள்ல மூணு பேருக்கு வாழ்நாள்ல ஒரு தடவையாவது வரும், டீச்சரம்மாவுக்கும் வரும். ஆனா மீன் நாத்தம், மஞ்சளா பச்சையா போறது, அடிவயித்து வலின்னா அது வேற நோய். ரெண்டும் சேந்தும் இருக்கலாம், அதனால செக்கப்ப விட்றாத.

ஒவ்வொரு ஆளுக்கு அப்புறமும் சோப்பு போட்டு உள்ள கழுவுறேன், அப்படியும் வருதே?

ஒரு அக்கா கிளினிக் மேசைல பர்ஸ கவுத்தாங்க, சோப்புத் துண்டு, பாதி எலுமிச்சம்பழம், "நான் எவ்ளோ சுத்தம் பாருங்க"ன்னு பெருமையா வேற. உள்ள புண்ணா இருந்துச்சு. அங்க காவலுக்கு இருக்குற நல்ல கிருமியையும் சேத்துக் கழுவிட்டா எச்ஐவி நுழையவும் வழி விட்ட மாதிரி ஆயிடும். வெளிய வெறும் தண்ணி போதும்.

மெடிக்கல்ல குடுத்த க்ரீம் போட்டா ரெண்டு நாள் நிக்குது, மறுபடி வருது.

டியூப்ல கிளோபெட்டசால்னு எழுதிருக்கா பாருங்க. ஸ்டீராய்டு அது, அரிப்ப அமுக்கும், பூஞ்சைய வளத்து விடும். அரசு ஆஸ்பத்திரி பால்வினை நோய் கிளினிக்ல பச்சை கிட்னு ஒரு மாத்திரை பாக்கெட் இலவசம், அதுல செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளுகோனசோல் 150 மில்லிகிராம் இருக்கும். முழுங்குற அன்னைக்கு சரக்கு வேணாம். மாசமா இருந்தா முதல்ல டாக்டர்கிட்ட சொல்லணும், ஃப்ளுகோனசோல் கூடாது.

உள்ள வைக்கிற மாத்திரை வெச்சுட்டு தொழிலுக்குப் போலாமா?

இத யாருமே சொல்லித் தர்றதில்ல, எனக்கு அதான் கோவம். க்ளோட்ரிமசோல் மாத்திரையும் க்ரீமும் காண்டம் ரப்பர இளக்கிடும், கிழியும். நாலு நாள் லீவு போடுன்னு ஈசியா சொல்லிடலாம், வாடகை யார் குடுப்பா? லீவு எடுக்க முடியாதுன்னு டாக்டர்கிட்ட நேரா சொல்லி முழுங்குற மாத்திரையா கேளுங்க, அதால காண்டத்துக்கு ஒண்ணும் ஆகாது. தேங்காண்ணெயும் தொடாதீங்க, அதுவும் ரப்பருக்கு எமன்தான்.

இந்த வருஷத்துல இது நாலாவது தடவ.

அப்ப சுகர் பாத்தே ஆகணும், நம்பிக்கை மையத்துல எச்ஐவி டெஸ்ட்டும் எடுத்துக்கோங்க, இலவசம்தான். சளிக்கு அடிக்கடி ஆன்டிபயாடிக் வாங்கி முழுங்குறீங்களான்னும் யோசிங்க. அடங்கலன்னா வாரம் ஒண்ணுன்னு ஆறு மாசம் மாத்திரை இருக்கு, டாக்டர் பாத்துதான்.

தொழில சொன்னா அசிங்கமா பாக்குறாங்க சிஸ்டர்.

தெரியும். ஒரு ஆஸ்பத்திரிக்கு ஒருத்தங்கள கூட்டிட்டுப் போனேன், அங்க இருந்த நர்ஸ் கிளவுஸ் மேல கிளவுஸ் மாட்டிட்டு தள்ளி நின்னுச்சு, என் வேலைய பாக்குற பொண்ணுதானே அதுவும்னு கூசிப்போச்சு. உங்களுக்கும் கண்ணியமா வாழ உரிமை இருக்குன்னு 2022ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு. நேர்ல கேக்க கூச்சமா இருந்தா 1097க்கு போன் போடுங்க, அது எச்ஐவி உதவி எண்.

ஜீன்ஸ் போடலாமா?

போடு தாயி, ஈரத்தோட போடாத.