தூர்வாரும் வேலையில் முறைகேடு: பெரிய அதிகாரி வரை புகார் போக என்ன வழி?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் விவசாயம் செய்கிறேன். எங்கள் வாய்க்காலில் பேருக்குப் பொக்லைனை ஓட்டி, கரையோரக் கோரையை வழித்துப் போட்டுவிட்டு, வேலை முடிந்ததாகப் பலகை வைத்துவிட்டார்கள். கேட்டால், "மேலிடம் வரைக்கும் பங்கு போகுது, எங்க வேணா போய்ச் சொல்லுங்க" என்கிறார் காண்ட்ராக்டர் ஆள். பெரிய அதிகாரி மேல் புகார் கொடுத்தால் எடுபடுமா ஐயா?

பதில்: எடுபடும். ஆனால் அந்த ஆள் சொன்னதை நம்பி மனு எழுதாதீர்கள். பெரிய அதிகாரி பணம் வாங்குவதை நீங்களோ நானோ கண்ணால் பார்க்கப் போவதில்லை. அவர் மாட்டுவது கையெழுத்தில்தான். ஆகவே ஆளை விட்டுவிட்டு அளவைப் பிடியுங்கள்.

தூர்வாருவதற்கு முன் வாய்க்காலின் தரைமட்டத்தை அளப்பார்கள், முடிந்த பின் மறுபடி அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அள்ளிய மண், அதற்குத்தான் பில். 1 கி.மீ. நீளம், 4 மீட்டர் அகலமுள்ள வாய்க்காலில் முதல் மட்டத்தை வெறும் 15 செ.மீ. கூட்டி எழுதினால் போதும், அள்ளாத 600 கன மீட்டர் மண்ணுக்குப் பணம் வந்துவிடும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் உங்கள் ஊருக்கு வந்துவிட்டால் அப்புறம் யார் இறங்கி அளப்பது? டெல்டாவில் இந்த முறைகேடு ஆண்டுதோறும் தப்பிக்க வழி இருப்பது இதனால்தான்.

அந்த அளவை உதவிப் பொறியாளர் அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார். எம் புக் என்பார்களே, அதுதான். உதவிச் செயற்பொறியாளர் சரிபார்க்கிறார், செயற்பொறியாளர் பில்லைப் பாஸ் செய்கிறார். நீங்கள் தேடும் மேலிடம் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. ஒரே வாய்க்காலைத் துண்டு துண்டாக்கிச் சின்னச் சின்ன டெண்டராக விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அப்படிப் பிரிக்கும் முடிவைக் கீழ்நிலை ஊழியர் எடுக்க முடியாது.

முதலில் உங்கள் வாய்க்கால் யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏ, பி எனப்படும் பெரிய வாய்க்கால்கள் நீர்வளத் துறையிடம் இருக்கும்; சி, டி எனப்படும் சிறிய கிளை வாய்க்கால்களைப் பெரும்பாலும் வேளாண் பொறியியல் துறை தூர்வாரும். அந்த அலுவலகத்துக்கு 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு போடுங்கள். மதிப்பீடு, ஒப்பந்தம், முன்-பின் மட்ட அளவுகள், அளவுப் புத்தகம், பில் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். கூடவே, வேலையை நேரில் பார்வையிட வேண்டும் என்றும் எழுதுங்கள். பலருக்குத் தெரியாத உரிமை இது; சட்டத்தின் 2(ஜே) பிரிவிலேயே இருக்கிறது. பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அதனால் தண்ணீர் வரும்வரை காத்திராமல் இன்றைக்கே வாய்க்காலில் இறங்கி, அளவுகோலை நட்டு, மதகோ பாலமோ பின்னால் தெரியும்படி தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

நகல்கள் வந்ததும் படங்களையும் சேர்த்து லஞ்ச ஒழிப்புத் துறையின் மாவட்டப் பிரிவுக்கு மனு கொடுங்கள். இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. லஞ்சம் வாங்கும்போது கையும் களவுமாகப் பிடிக்க முன் அனுமதி தேவையில்லை. ஆனால் ஓர் அதிகாரி கோப்பில் எடுத்த முடிவை விசாரிக்க, ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் சேர்த்த 17ஏ பிரிவின்படி அரசு அனுமதி தர வேண்டும். அதை நீங்கள் வாங்க வேண்டியதில்லை, விசாரிக்கும் துறைதான் கேட்கும். மூன்று மாதத்துக்குள், மிஞ்சினால் இன்னொரு மாதத்துக்குள் அரசு முடிவு சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், இந்தப் பிரிவு நேர்மையான அதிகாரியைக் காப்பதைவிட மற்றவர்களுக்குத்தான் அதிகம் கைகொடுக்கிறது. வெறும் குற்றச்சாட்டு அங்கேயே படுத்துவிடும். புத்தகத்தில் எழுதிய ஆழம் ஒன்று, படத்தில் தெரியும் ஆழம் வேறு என்று பக்க எண்ணோடு காட்டும் மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம்.

பயம் நியாயமானதுதான். தகவல் தருவோரைப் பாதுகாக்க 2014-இல் நிறைவேற்றிய மத்தியச் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. எனவே தனியாகப் போகாதீர்கள். ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அந்த வாய்க்காலில் பாசனம் பெறும் விவசாயிகள், பத்துப் பேராவது கையெழுத்துப் போடுங்கள்; நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் இருந்தால் அதன் பெயரில் கொடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் ஒரு பிரதி கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த கோடையில் வேலை முடிந்த பிறகு போய் நிற்காதீர்கள். முதல் மட்டம் எடுக்கும் நாள் எது என்று எழுத்தில் கேட்டு, அன்றைக்குக் கரையில் நின்று, அளவைப் படித்துக் காட்டச் சொல்லி நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்.