அம்மாக்களுக்கு என்ன தெரியும்?

ஐயா,

ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பில், ‘அரும்பு’ என்னும் தொடக்க நிலைப் பிள்ளைகளுக்குக் கையேட்டை விட்டு என் வழியில் சொல்லிக்கொடுத்தால், செயலியில் ஏன் பதியவில்லை என்று கேட்கிறார்கள். பின்லாந்தைப் போல ஆசிரியருக்கு நிறையச் சுதந்திரம் தந்தால் என்ன? இதில் பெற்றோர் அதிகமுள்ள பள்ளி மேலாண்மைக் குழு வேறு. கையெழுத்து வாங்கவே அரை நாள் போகிறது. அந்த அம்மாக்களுக்குப் பாடத்தைப் பற்றி என்ன தெரியும்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

பின்லாந்தை விடுங்கள். செயலி மேல் உங்களுக்குள்ள எரிச்சல் நியாயம்தான், பழையதும்கூட. 1862-இல் இங்கிலாந்தில் கல்விப் பொறுப்பில் இருந்த ராபர்ட் லோ, பிள்ளைகள் தேர்வில் தேறினால்தான் பள்ளிக்கு மானியத்தில் பெரும்பங்கு என்று விதி செய்தார். ஆய்வாளர் என்ன கேட்பாரோ அதை மட்டும் உருப்போட வைத்தார்கள். சென்னை மாகாணத்துக்கும் அந்த முறை வந்தது.

என் அப்பா ஓராசிரியர் பள்ளி வாத்தியார். கடலை பறிக்கும் மாதத்தில் காலை ஏழு மணிக்கே தொடங்கிப் பதினொன்றுக்குப் பள்ளியை விட்டுவிடுவார். பதிவேட்டில் முழு நாள். அதனால்தான் பிள்ளைகள் நிற்காமல் வந்தார்கள். அதே அப்பாதான், ஆய்வுக்கு முந்தின நாள், வாசிக்கத் தெரியாத நான்கு பேரை “நாளைக்கு வராதீங்கடா” என்று அனுப்பினார். அதே பதிவேட்டில் அவர்களுக்குக் காய்ச்சல். இரண்டும் அவர் சுதந்திரமாக எடுத்த முடிவுகள். மேலே இருந்தவர்களுக்கு இரண்டுமே தெரியாது.

ஊருக்குத் தெரியும். மறுநாள் ஒரு பையனின் அம்மா களைக்கொத்தோடு வந்து நின்றார். “எம்புள்ள என்ன சார் தப்பு பண்ணுனான்?” அப்பாவுக்கு வாய் வரவில்லை. எந்த ஆய்வாளர் முன்னாலும் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. கடலை மாதத்து நேரத்தைப் பற்றி மட்டும் எந்த அம்மாவும் வந்து கேட்கவில்லை.

என்ன தெரியும் என்றா கேட்கிறீர்கள்? எழுதும்போது கொஞ்சமாவது கூசவில்லையா? 2009 கல்வி உரிமைச் சட்டம் அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்கவேண்டும் என்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவது அவர்கள் பொறுப்பு. நீங்கள் அவர்களைக் கையெழுத்துப் போடக் கூப்பிடுகிறீர்கள். செயலிக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போன நீங்கள், கேள்வி கேட்கக்கூடிய ஆளை வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. கையேட்டை மூடிவிட்டுப் பிள்ளை பக்கத்தில் உட்காருகிறவர்கள் எத்தனை பேர்? அடுத்த கூட்டத்தில் நோட்டை நீட்டுவதற்கு முன்னால், எதை மாற்றினீர்கள், யாருக்கு இன்னும் வாசிக்க வரவில்லை என்று சொல்லிப் பாருங்கள். யார் என்ன கேட்டார்கள் என்று அப்புறம் எனக்கு எழுதுங்கள்.