நுரையீரல் மாத்திரையால் வயிற்றுப்போக்கு: எப்படிச் சமாளிப்பது?

நுரையீரல் தழும்பு நோய்க்கு நிண்டெடானிப் சாப்பிடும் அம்மாவுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த மருந்தில் இது பலருக்கும் வருவதுதான், வழியும் இருக்கிறது. வெறும் வயிற்றில் மட்டும் கொடுக்கவே கூடாது. என் அப்பாவுக்கு இரண்டு இட்லி உள்ளே போன பிறகு, சாப்பாட்டின் நடுவில்தான் கொடுப்போம், மெல்லாமல் முழுதாக விழுங்கச் சொல்லி. போக்கு தொடங்கிய அன்றே ஓ.ஆர்.எஸ். கரைசல், மோர், குழைந்த சாதம். காரமும் காபியும் கொஞ்ச நாள் வேண்டாம். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை எப்போது, எத்தனை என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள். அப்படியும் அடங்கவில்லையென்றால் நிண்டெடானிப் அளவை 150 மில்லிகிராமிலிருந்து 100 ஆகக் குறைப்பார், இல்லை சில நாள் நிறுத்தி மறுபடி தொடங்கச் சொல்வார். அப்புறம், கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ அன்றைக்கே கூட்டிப் போங்கள், மருந்து கல்லீரலைப் பாதித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.