பேட்டிக் விற்ற காசு

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

வணக்கம். காட்சிக்கலை படித்துவிட்டு இரண்டாண்டுகளாகச் சென்னையில் இருக்கிறேன். டிசம்பர் மாதக் கச்சேரிகளை விட்டால் இந்நகரத்தில் கலைச்சூழல் என்று சொல்ல எதுவுமில்லை என்றே தோன்றுகிறது. பெங்களூரிலும் கொச்சியிலும் இருக்கும் நண்பர்கள் கண்காட்சி, நாடகம், ஆடை வடிவமைப்பு என்று எப்போதும் ஏதாவது ஒன்றில் இருக்கிறார்கள். சென்ற மாதம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போனேன். அது மெழுகு பூசிச் சாயமேற்றும் பேட்டிக் துணி விற்றுப் பிழைத்த இடம் என்று அறிந்தபோது ஏமாற்றமாக இருந்தது. நானும் வேறு வழியின்றி வாரக்கடைசிச் சந்தைகளில் அச்சுக்கட்டையால் பூப்போட்ட துணிப்பைகளை விற்கிறேன். அதை வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நான் பெங்களூருக்குப் போய்விடலாமா?

க., சென்னை

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் இருக்கும் ‘பிழைத்த’ என்ற சொல்லை இரண்டு நாட்களாக விட முடியவில்லை. சென்ற வாரம் பரணை ஒழித்தபோது பழைய பேட்டிக் துணி ஒன்று கிடைத்தது. என் முதல் வேலையின் இரண்டாம் மாதச் சம்பளத்தில் சோழமண்டலத்தில் வாங்கியது. அதை மேசைமேல் விரித்து வைத்திருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

பெங்களூர், கொச்சி ஒப்பீட்டுக்குள் நான் நுழையப்போவதில்லை. நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கியது இந்நகரத்தில்தான். கண்ணகி நகர்க் குடியிருப்புகளின் சுவர்கள்மேல் 2020இல் வரையப்பட்ட மாபெரும் ஓவியங்களைப் பார்க்க நுழைவுச்சீட்டுகூடத் தேவையில்லை. இரண்டாண்டுகள் இங்கே இருந்தும் இவை உங்கள் கண்ணில் படவில்லை என்றால் ஊரைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் கால்களைக் கொஞ்சம் குறை சொல்லுங்கள்.

சோழமண்டலத்துக்கு வருகிறேன். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கிராமம் உருவானபோது ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் சென்னைக் கலைக்கல்லூரியின் முதல்வராக இருந்தார். படித்து முடித்து வெளியேறும் மாணவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக ஏதேனும் ஒரு வேலையில் சேர்ந்து, சில வருடங்களில் தூரிகையையே மறந்துபோவதை அவர் தன் கண்முன் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அவர் கண்ட வழி, அரசிடம் மனு கொடுப்பதோ புரவலர் வீட்டு வாசலில் நிற்பதோ அல்ல. ஓவியர்கள் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள்; பேட்டிக் முதலான பொருட்களைச் செய்து விற்றார்கள்; அந்தக் காசில்தான் நிலம் வந்தது. உங்களுக்கு ஏமாற்றம் தந்த அந்தச் செய்தியை, இந்திய நவீன ஓவிய வரலாற்றின் மிகக் கௌரவமான பக்கங்களில் ஒன்றாக நான் நினைக்கிறேன். யாருக்கும் கைகட்டி நிற்காமல் ஓவியம் வரைவதற்காகத் தம் கையாலேயே வேறொன்றைச் செய்து விற்றவர்களைப் ‘பிழைத்தவர்கள்’ என்று எழுத உங்கள் பேனா எப்படித் துணிந்தது?

அந்த வேலையும் ஒன்றும் எளிதல்ல. உருக்கிய மெழுகைத் துணியில் எங்கே வைக்கிறோமோ அங்கே சாயம் ஏறாது. ஆகவே வெளிர் நிறத்தில் தொடங்கி, ஒவ்வொரு சாயத்துக்குப் பிறகும் காக்க வேண்டிய இடத்தை மெழுகால் மூடி, கடைசியாக அடர்நிறத்துக்கு வர வேண்டும். ஓவியத்தை முழுவதும் தலைகீழாக மனத்தில் வரைந்து பார்க்காதவரால் இது முடியாது. மெழுகு காய்ந்து விரிசல் விடும். அந்த விரிசல் வழியே சாயம் கசிந்து நரம்பு நரம்பாக ஓடும். என் மேசைமேல் கிடக்கும் துணியில் ஒரு மாட்டின் கழுத்தில் அப்படியொரு நீலக்கோடு இறங்குகிறது. அதைப் போட்டவர் எவ்வளவு திட்டமிட்டார், எவ்வளவை மெழுகின் போக்குக்கு விட்டார் என்று இத்தனை வருடங்களுக்குப் பிறகும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதில் ‘கைவினை’ எங்கே முடிகிறது, ‘கலை’ எங்கே தொடங்குகிறது என்று நீங்கள்தான் ஒரு கோடு போட்டுக் காட்ட வேண்டும்.

ஓவியர் கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் துணிகளுக்கு வடிவம் வரைந்து சம்பளம் வாங்கியவர். காந்தியைக் கோடுகளாலேயே எழுப்பிய கையும் அதே கைதான். பணிக்கர் முதல்வராக இருந்த அந்தக் கலைக்கல்லூரியே 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவரால் தொடங்கப்பட்டு, தொழிற்கலைப் பள்ளியாக வளர்ந்த ஒன்று. அங்கே மண்ணும் மரமும் உலோகமும் வந்த பிறகுதான் நீங்கள் மதிக்கும் ‘தூய கலை’ தலைகாட்டியது.

எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது, அண்ணா சாலையை ஒட்டிய ஒரு சந்தில் சினிமா பேனர் வரையும் தகரக்கொட்டகை இருந்தது. மாலை நேரங்களில் அங்கே போய் வேடிக்கை பார்ப்பேன். காடாத்துணியை மரச்சட்டத்தில் இழுத்து அடித்து, கையிலிருக்கும் சிறிய புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியிலும் பெரிதாகப் போட்டுக்கொள்வார்கள். நடிகரின் ஒரு கண் மட்டும் என் உயரத்துக்கு இருக்கும். சாரத்தில் நின்றபடி ஒருவர் மூக்கு துணியில் உரசும் நெருக்கத்தில் கன்னத்தில் ரோஸும், தாடைக்கடியில் பச்சையும் இழுத்துக்கொண்டிருப்பார். பச்சை முகம் யாருக்காவது உண்டா என்று அறிவாளித்தனமாகக் கேட்டேன். அவர் இறங்கி வந்து, என் தோளைப் பிடித்துச் சந்தின் எதிர்ப்புறத்துக்கு அழைத்துப்போய்த் திருப்பி நிறுத்தினார். பச்சையைக் காணவில்லை, தாடையின் நிழல் மட்டுமே இருந்தது. “கிட்ட நின்னா மூஞ்சி தெரியாது தம்பி, கட்டம்தான் தெரியும்,” என்றார். சொல்லிவிட்டு என்னிடமே ஒரு டீ வாங்கித் தரச்சொன்னார்.

ஃப்ளெக்ஸ் வந்தபோது அந்தக் கொட்டகை போயிற்று. அவரைப் போன்றவர்கள் கடைப்பெயர்ப் பலகைக்கும் வெள்ளையடிப்புக்கும் போனார்கள். ஒரு நகரத்தின் வீதிகளில் பல பத்தாண்டுகளாக நிகழ்ந்துவந்த பெரும் ஓவிய மரபு ஒன்று சில வருடங்களுக்குள் இறங்கிப்போனது. நானறிந்த ஓவியக்கூட வட்டாரத்தில் யாரும் அதைத் துக்கமாகப் பேசிக் கேட்டதில்லை. அது ‘தொழில்’ அல்லவா, ‘கலை’ இல்லையே! (நானும் அன்று ஒரு வரிகூட எழுதவில்லை. இந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான்.) சென்னையில் கலைச்சூழல் இல்லை என்று இன்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர், கூலிக்கு வரைந்த கைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதால்தான் அப்படிச் சொல்ல நேர்கிறது.

பெங்களூரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், இல்லையா? வாடகையும் நண்பர்களும் சரிப்பட்டால் போங்கள். ஆனால் பை விற்பதிலிருந்து தப்பிப்பதற்காகப் போகாதீர்கள். அங்கேயும் மாதத்தின் முதல் தேதி வரும்.

நீங்கள் இணைத்திருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது பையில், அச்சுக்கட்டை ஓரிடத்தில் சற்று விலகி, பூவின் விளிம்பில் இன்னொரு நிழற்பூ விழுந்திருக்கிறது. அதைக் கழிவென்று ஒதுக்கிவைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அதுதான் வேண்டும். முழு விலைக்கே அனுப்புங்கள், தபால் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டையைச் செதுக்கியவர் நீங்களா வேறொருவரா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்.