பார்னார்ட் பெயரைச் சொல்லி மடக்கும் பையனுக்கும் அவன் அம்மாவுக்கும்

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். பையன் பிளஸ் ஒன் படிக்கிறான், கணக்கில் மார்க் இறங்கிக்கொண்டே போகிறது, ராத்திரியெல்லாம் மொட்டை மாடியில் டெலஸ்கோப்பும் கையுமாக நிற்கிறான், கண்டித்தால் "பார்னார்ட் ரெண்டு மாசம்தான் பள்ளிக்கூடம் போனார், வியாழனுக்கு நிலா கண்டுபிடிக்கலையா?" என்று உங்கள் வாயை அடைத்துவிடுகிறான். அவன் சொல்வது பொய்யில்லை, ஆனால் தனக்குத் தோதான இடத்தில் கதையை நிறுத்திக்கொண்டான். மீதியை நான் சொல்கிறேன், அவனையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

எட்வர்ட் எமர்சன் பார்னார்ட் என்ற வானியலாளர் 1857-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் பிறந்தவர். பிறப்பதற்கு முன்பே அப்பா இல்லை, வீட்டில் கடும் வறுமை. ஒன்பது வயதில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். அப்போது படத்தைப் பெரிதாக்க வெயில்தான் விளக்கு, அதனால் பெரிய கருவி ஒன்றைச் சூரியன் நகர நகரப் பொழுதெல்லாம் கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அலுப்பூட்டும் அந்த வேலையில் தூங்கிவிடாமல் நின்றதால் அந்தப் பையன் நிலைத்தான். அங்கே ஏறக்குறைய 17 வருடம். பள்ளிக்கூடம் போகாதது அவர் ஆசைப்பட்டு எடுத்த முடிவு இல்லை தம்பி, வழியில்லாமல் நடந்தது.

இருபது வயதை ஒட்டி 5 அங்குல டெலஸ்கோப் ஒன்றை 380 டாலருக்கு வாங்கினார். வருடச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. (சொந்தச் சம்பளம்.)

அப்புறம்தான் முக்கியமான இடம் வருகிறது. 1877-இல் அமெரிக்க விஞ்ஞானிகளின் பெரிய மாநாடு நாஷ்விலிலேயே நடந்தது. அன்றைக்கு நாட்டின் பெரிய வானியலாளர் சைமன் நியூகோம்ப் வந்திருந்தார். பார்னார்ட் தயங்கித் தயங்கிப் போய் வழி கேட்டார். கணிதம் தெரியாமல் இந்தத் துறையில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, முதலில் அதைப் படி என்கிற மாதிரி பதில் வந்தது. பையன் ஒதுங்கிப் போய் அழுதாராம். நியூகோம்ப் கொஞ்சம் இதமாகச் சொல்லியிருக்கலாம் என்றுதான் எனக்கும் படுகிறது, ஆனாலும் சொன்னதில் தப்பில்லை. அழுது முடித்துவிட்டு பார்னார்ட் கணக்குக்கு டியூஷன் வைத்துக்கொண்டார். பகலில் ஸ்டூடியோ, ராத்திரி வானம், நடுவில் பாடம்.

1881 முதல் வால்நட்சத்திரங்கள் சிக்க ஆரம்பித்தன. புதிதாக ஒன்று கண்டுபிடித்தால் வார்னர் என்ற மருந்து வியாபாரி 200 டாலர் பரிசு கொடுத்துவந்த காலம் அது. வீட்டுக் கடனை அந்தப் பணத்தில்தான் அடைத்தார். 1883-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு கூப்பிட்டது. கல்யாணமான பிறகு போய் மாணவராக உட்கார்ந்து கணிதமும் இயற்பியலும் படித்தார், அங்கேயே வான்காணகத்தையும் (டெலஸ்கோப் வைத்து வானத்தை ஆராயும் இடம்) பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கலிபோர்னியாவின் லிக் வான்காணகம். அங்கேயும் இயக்குநர் ஹோல்டனோடு ஒத்துப்போகவில்லை, 36 அங்குல டெலஸ்கோப்பைத் தொடவே விடவில்லை. போராடித்தான் 1892-இல் வாரத்துக்கு ஒரு ராத்திரி கிடைத்தது, அப்படிக் கிடைத்த ஒரு ராத்திரியில், செப்டம்பர் 9 அன்று, வியாழனின் ஐந்தாவது நிலாவைப் பிடித்தார். கலிலியோ 1610-இல் நான்கைப் பார்த்த பிறகு முதல் முறையாக இன்னொன்று.

அம்மா, இனி உங்களுக்கு. பிற்காலத்தில் பார்னார்டுக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது பால்வீதியின் புகைப்படங்கள்; நட்சத்திரக் கூட்டத்தின் நடுவே கறுப்புத் திட்டுகளாகத் தெரியும் மேகங்களை அவர்தான் படமெடுத்துப் பட்டியல் போட்டார். அந்தக் கை ஸ்டூடியோவில் பழகிய கை. 1916-இல் வானத்தில் மிக வேகமாக நகர்ந்து தெரியும் நட்சத்திரத்தை அவர் கண்டதும் பழைய புகைப்படத் தகடுகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான், இன்றைக்கும் அது பார்னார்டின் நட்சத்திரம். அதனால் மாடியில் போகும் நேரமெல்லாம் வீண் என்று தீர்ப்பு எழுத வேண்டாம். டெலஸ்கோப்பை விற்றுவிடப்போவதாகச் சொல்கிறீர்கள், தயவுசெய்து விற்காதீர்கள். புதிதாகப் பெரிதாக வாங்கித் தரவும் வேண்டாம்.

ஆனால் கணிதத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். இன்றைய வானியல் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் நடக்கிறது, இயற்பியலும் கணக்கும் புரோகிராமிங்கும் இல்லாமல் யாரும் உள்ளே விடமாட்டார்கள். பிளஸ் டூ முடித்து ஐசர் (அறிவியல் படிப்புக்கான மத்திய அரசின் கல்வி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வு எழுதலாம், இல்லையென்றால் நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்து, எம்.எஸ்சி.க்கு ஜாம் தேர்வு, பிஎச்.டி.க்கு ஜெஸ்ட் தேர்வு என்று போகலாம். நீளமான பாதை, சம்பளம் தாமதமாகத்தான் வரும், இதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். பரீட்சை முடியும்வரை மாடி வெள்ளி, சனி ராத்திரிகளில் மட்டும் என்று அவனோடு ஒப்பந்தம் போடுங்கள், பார்த்ததைத் தேதி நேரத்தோடு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை பேசும்போது அந்த நோட்டையும் கடைசிக் கணக்குப் பரீட்சையின் விடைத்தாளையும் எடுத்துவரச் சொல்லுங்கள், எந்தப் பாடத்தில் வழுக்குகிறான் என்று பார்த்துவிடலாம்.